புளிச் சந்தவை சென்றாயன்

பஸ் இன்னும் கண்ணுக்குத் தெரியாது. வடக்கே புகை மட்டும்தான் தெரியும். அதற்குள் சென்றாயன் கை கழுவ ஆரம்பித்துவிடுகிறார். முதலில் சாம்பல் போட்டுத் தேய்க்கிறார். அப்புறம் புளிச்சக்கை. பிறகு மனைவி ஆராயி செம்பிலிருந்து தண்ணீர் வார்க்க வார்க்க, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து முழங்கை வரைக்கும் வழித்து விடுகிறார். துணியில் துடைப்பது கிடையாது. இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்துக் காற்றில் உலர்த்துகிறார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, வருகிற பஸ்ஸைக் கும்பிடத் தயாராக நிற்கிறார் என்று தோன்றும். அதில் பாதி உண்மையும் உண்டு. அந்த பஸ்தான் அவருக்குப் படியளக்கிறது.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் ரஸ்தாவில், புதுச்சத்திரத்தில் இருக்கிறது அவர் கடை. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சக்கரம் கழன்ற ஒரு பழைய பாரவண்டி, மேலே நாலு தென்னங்கீற்று, பக்கத்தில் ஒரு கல் அடுப்பு. பெட்ரோலெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் இப்போது நம் பஸ்கள் கரியில் ஓடுகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். முதுகில் கொதிகலன் மாதிரி ஓர் அடுப்பைச் சுமந்துகொண்டு வருகிற வண்டி, பாதி வழியில் களைத்துப் போய் நின்றுவிடும். சாம்பலைத் தட்டி, புதுக் கரி கொட்டி, பின்னால் இருக்கிற கைப்பிடியைச் சுற்றிக் காற்றடித்தால்தான் மறுபடியும் கிளம்பும். ஒரு மனிதன் கீழே இறங்கி, சோம்பல் முறித்து, சர்க்காரைத் திட்டி, பசியெடுத்து, சாப்பிட்டும் முடிக்க அந்த அவகாசம் போதும். தையல் மெஷின் ரிப்பேருக்காக வாராவாரம் நாமக்கல் போகிற நானும் அந்த அவகாசத்தில் சிக்கியவன்தான்.

சென்றாயன் விற்கிற பண்டத்தைப் பார்த்தால் முதலில் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஒரு கூடையில் ஆறிப்போன சந்தவை, அதாவது பிழிந்த சேவை, நூல் நூலாகக் கிடக்கும். அரிசிக்குக் கண்ட்ரோல் வந்த பிறகு அதில் ராகி பாதிக்குப் பாதி, ஆகவே நிறம் கொஞ்சம் மட்டம். பக்கத்தில் பப்பாளிக்காயை மயிரிழையாகச் சீவி வைத்திருப்பார். வெள்ளரிக்காய், முருகலாகப் பொரித்த வெங்காயம், பூண்டு வறுத்த கடலெண்ணெய், வறுத்துப் பொடித்த நிலக்கடலை, கெட்டியாகக் கரைத்த புளி, மிளகாய்ப் பொடி, கொத்தமல்லி எல்லாம் சின்னச் சின்னச் சட்டிகளில் சுற்றி நிற்கும். எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு தாம்பாளத்தில் மஞ்சளாக, பளபளவென்று ஒரு பாளம். கடலைப்பருப்பு மாவை உப்பும் மஞ்சளும் போட்டுத் தண்ணீரில் கரைத்து, கை ஓயாமல் கிண்டி, தாம்பாளத்தில் ஊற்றி உறையவிட்டது. அதைக் கத்தியால் வெட்டமாட்டார். தறிநூல் ஒன்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து அழுத்துவார். துண்டுகள் அலுங்காமல் விழும்.

"இது தோபுங்க. பர்மாவுல சோத்துக்கு இல்லாதவனும் திம்பான், சோறு மிஞ்சுனவனும் திம்பான்" என்பார்.

புதிதாக வருகிறவர்கள் அதை அல்வா என்றே நினைக்கிறார்கள். ராசிபுரத்துக்காரர் ஒருவர், வேண்டாம் வேண்டாம் என்று இவர் சொல்லச் சொல்லக் கேட்காமல், ஒரு பெரிய துண்டை வாங்கி மூடிய கண்ணோடு வாயில் போட்டுக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஆனாலும் துப்பவில்லை. மென்று பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் உப்பு இருக்கலாம் என்று அபிப்பிராயம் சொன்னார்.

சென்றாயனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். ஒடிசலான ஆள். கட்டம் போட்ட பர்மாக் கைலியை முன்பக்கம் முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பார். காதோரம் மட்டும் நரை. பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் சுத்தமான இந்தப் பக்கத்துப் பேச்சுதான். காக்கையைத் துரத்துவது மட்டும் பர்மா பாஷையில். தமிழில் திட்டித் திட்டி இந்த ஊர்க் காக்கைகளுக்குப் பழகிப் போய்விட்டதாம், புதுப் பாஷை என்றால்தான் கொஞ்சம் யோசிக்கின்றனவாம்.

சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது என்பதால் இளவட்டத்திலேயே கப்பலேறி ரங்கூனுக்குப் போனவர். ஆராயியைக் கட்டியது நடுவில் ஒருமுறை ஊருக்கு வந்தபோது. முதலில் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். பிறகு தெருவோரம் பலகாரக் கடை போட்டிருந்த ஒரு பர்மாக்காரியிடம் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கைப்பழக்கம் பிடித்துக்கொண்டார். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் லட்சோப லட்சம் ஜனங்கள் காட்டிலும் மலையிலும் விழுந்து வந்த கதையை நாம் பத்திரிகைகளில் படித்தோம். இவரைக் கேட்டால், "குண்டு போட்டாங்க, நடந்து வந்துட்டேனுங்க" என்கிறார், ஏதோ மல்லசமுத்திரம் சந்தையிலிருந்து நடந்து வந்தவர் மாதிரி. அதற்கு மேல் துருவினால் இலை எடுக்கப் போய்விடுவார். நானும் இப்போது துருவுவதில்லை.

இந்தப் பண்டத்துக்கு முதல் எதிரி அவர் மனைவிதான். ஆராயி அம்மாள் கொஞ்சமும் ஒளிவு மறைவில்லாமல் பேசுகிறவர். "சந்தவைங்கறது ஊட்டுக்கு ஒரம்பரை சனம் வந்தாப் பிழியறதுங்க. சூடு ஆறாம தேங்காப்பாலும் வெல்லமும் ஊத்தித் திங்கோணும். இவரு பர்மாவுலருந்து வந்து, அதை ஆற வெச்சுப் புளியக் கரைச்சு ஊத்துறாரு. நல்ல மனுசனை அனுப்பி வெச்சனே, மூளையக் கழட்டி வெச்சுக்கிட்டு அனுப்பீட்டாங்களான்னு அழுதனுங்க" என்று என்னிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். பூண்டு எண்ணெய் போதாது என்று புருஷனைக் கடிந்துகொள்கிறவரும் இப்போது அவரேதான்.

தகராறு புளியால் வரவில்லை, கையால் வந்தது. ஆள் வந்து கேட்டதும் சென்றாயன் ஒரு மண்சட்டியில் கைப்பிடி சந்தவையைப் போடுவார். மற்றச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூவுவார். தோபுவைக் கிள்ளிப் போடுவார். பிறகு கையை உள்ளே விடுவார். ஐந்து விரலும் அகல விரிந்து, அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் புரட்டும். அப்போது கண்ணை மூடிக்கொண்டு முகத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வார். ருசி பார்ப்பது கிடையாது. கை போதும் என்றால் போதும். அப்படியே அள்ளித் தைத்த ஆலிலையில் வைத்து நீட்டுவார்.

"பர்மாவுல இதுக்கு 'அத்தோ'ன்னு பேருங்க. கையில பெசஞ்சாத்தான் அந்தப் பேரு" என்பது அவருடைய கட்சி.

பிசைந்து கொடுப்பது நம் பக்கத்தில் லேசான காரியமல்ல. இட்லியை எடுத்து வைக்கலாம், சோற்றை அள்ளிப் போடலாம், கையால்தான் போடுகிறார்கள், யாரும் கேட்பதில்லை. ஆனால் சோற்றையும் சாற்றையும் சேர்த்துப் பிசைந்து ஒருத்தர் இலையில் வைக்கிற உரிமை, பெற்ற தாய்க்கு மட்டும்தான். தப்பினால் அத்தைக்கு. பல் முளைத்துப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அதுவும் நின்றுபோகும். அப்படியிருக்க, மீசை வைத்த ஓர் அன்னியர் மீசை வைத்த இன்னோர் அன்னியருக்கு நடு ரஸ்தாவில் பிசைந்து கொடுத்தால், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஆரம்பத்தில் வாங்கியவர்கள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு தின்றார்கள். என்ன சாதி என்று கேட்பதை விட்டுவிட்டு, ஏன் பிசைகிறாய் என்று கேட்கிற அளவுக்கு நம் ஜனங்கள் முன்னேறியிருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

முதுகு திருப்பலோடு போயிருந்தால் பாதகமில்லை. நாமக்கல் ஜானகியம்மாள் ரூபத்தில் வினை வந்தது. பெரிய பண்ணை வீட்டு அம்மாள். சேலத்தில் இருக்கும் மகளைப் பார்க்க அடிக்கடி போய் வருகிறவர். ஒரு நாள் பூண்டு வாசனை ஜன்னலுக்குள் வந்து அம்மாளைக் கீழே இறக்கிவிட்டது. ஓர் இலை கேட்டார். சென்றாயன் சட்டிக்குள் கையை விட்டதும் அம்மாளின் புருவம் மேலே போயிற்று.

"ஏப்பா, எனக்குப் பெசஞ்சு குடுக்கறதுக்கு நீ என்ன எங்காத்தாளா?"

தப்புத்தானுங்க அம்மிணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. சென்றாயன் கண்ணைக்கூடத் திறக்காமல், "உங்காத்தா இத்தனை நல்லாப் பெசஞ்சிருக்க மாட்டாங்கம்மிணி" என்றார். பண்டத்தின் தரத்தைத்தான் சொன்னாராம். எங்களுக்கெல்லாம் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாளுக்கு அந்தச் சிரிப்புத்தான் இன்னும் சுட்டது. இலையைத் தொடாமல் போய் டிரைவரிடம் முறையிட்டார்.

டிரைவர் சின்னுசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காக்கிக் கோட்டு, நெற்றி நிறைய விபூதி, குரலை உயர்த்தாத அதிகாரம். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். வீட்டிலிருந்து கட்டித் தரும் தயிர்சாதம் தூக்குப்போசியில் அவர் தலைக்கு மேலே ஆடிக்கொண்டே வரும். கரி போட வண்டி எங்கே நிற்பது என்பதை முடிவு செய்கிறவரும் அவர்தான்; அதில் முதலாளிகூடத் தலையிடுவதில்லை. அம்மாள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு சென்றாயனிடம் வந்தார். மூன்று வாரம் கெடு, அதற்குள் கரண்டிக்கு மாறிவிட வேண்டும், இல்லையென்றால் வண்டி இனிமேல் ஊரின் தெற்குக் கோடியில், காப்பி கிளப்புக்கு எதிரேதான் நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காப்பி கிளப் கூப்பிடு தூரம்தான். ஆனால் வண்டி அங்கே நின்றால், சூடாகக் காப்பி குடிக்கிறதை விட்டுவிட்டு வெயிலில் இங்கே நடந்து வர எவனுக்குப் பைத்தியம்? இந்த இடம் கை நழுவினால் ஆராயி அம்மாள் மறுபடியும் அடுத்தவர் கடலைக்காட்டில் களை வெட்டக் குனிய வேண்டும். சென்றாயனுக்கு மூட்டை தூக்க இனி முழங்காலில் தெம்பில்லை. பர்மாவிலிருந்து நடந்த நடை அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கிறது. இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, ஆராயி அம்மாள்தான் சொன்னார்.

மறுவாரம் போனபோது சென்றாயன் கையில் ஒரு பித்தளைக் கரண்டி. பேனா பிடிக்கத் தெரியாதவர் கையெழுத்துப் போட உட்கார்ந்த மாதிரி அதைப் பிடித்திருந்தார். கரண்டி இரண்டு புரட்டுப் புரட்டியதும் சந்தவை நூலெல்லாம் துண்டு துண்டாகி, தோபு கரைந்து, எங்கள் இலைகளில் வந்து விழுந்தது அசல் ராகி உப்புமா. ஒருவரும் குறை சொல்லவில்லை. ஒருவரும் இரண்டாம் இலை கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு ஆராயி அம்மாள் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். சாமான்களை எல்லாம் இலையில் தனித்தனியாக வைத்துக் கொடுத்துவிடுவது. அவரவர் கையால் அவரவர் பிசைந்துகொள்வது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. புதுச்சத்திரத்து ரஸ்தாவில் அன்று நடந்த கூத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. மாட்டுத் தரகர் ஒருவர் எல்லாவற்றையும் ஒரே அமுக்காக அமுக்கி உருண்டை பிடித்துவிட்டார். என் இலையில் புளி ஒரு மூலைக்கும் மிளகாய் மறு மூலைக்கும் ஓடிப்போய் ஒன்றையொன்று கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. ஜானகியம்மாள் அன்று பஸ்ஸில்தான் இருந்தார். தன் கை என்றதும் இறங்கி வந்து, விரல் நுனியால் பதவிசாகக் கிளறி, உப்பெல்லாம் ஒரே வாயில் வந்து, ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு ஏறினார். எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தோம்: பண்டம் நன்றாயில்லை, சென்றாயன்தான் காரணம்.

அன்று பஸ் கிளம்புகிற சமயம் அவர் கரண்டியை வண்டிப் பலகையில் செருகினார். "நாளைக்கிருந்து கையிலதான் பெசையப் போறேனுங்க. வண்டி எங்க நிக்கோணுமோ அங்கெ நிக்கட்டும்" என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். ஆராயி அம்மாள் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போய்த் தண்ணீர்ச் செம்பை எடுத்து வைத்தார்.

கெடுவின் கடைசி நாள் போன ஞாயிற்றுக்கிழமை. பார்க்காமல் இருக்க மனசு வராமல், வேலை இல்லாவிட்டாலும் நான் பஸ் ஏறிவிட்டேன். அன்று ஆரம்பமே சரியில்லை. கண்டக்டர் சடையன் மாமனார் ஊர் அம்மன் நோம்பிக்குப் போய்விட்டார். டிக்கெட் கொடுப்பதிலிருந்து கரி கொட்டுவது வரை எல்லாம் சின்னுசாமி தலையில். முந்தின நாள் மழையில் கரி மூட்டை வேறு நனைந்திருந்தது. மல்லூர் மேட்டில் வண்டி மூச்சு வாங்கி நிற்க, நாங்கள் இறங்கித் தள்ளினோம். தள்ளிய வேகத்தில் வண்டி குலுங்கியதும் தூக்குப்போசி கொக்கியிலிருந்து கழன்று விழுந்தது. மூடி ஒரு பக்கம் உருள, தயிர்சாதம் டிரைவரின் காலடியில் கிடந்தது. சின்னுசாமி காலிப் போசியை எடுத்து மறுபடியும் கொக்கியில் மாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

புதுச்சத்திரத்தில் பழைய இடத்திலேயே நிறுத்தி, "இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் இங்கெ" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சென்றாயன் கையை உலர்த்திக்கொண்டு நின்றிருந்தார். ஆமாங்க என்று தலையாட்டினார்.

கூட்டம் இறங்கிற்று. சட்டிக்குள் கை போயிற்று. இன்றோடு சரி என்று தெரிந்ததாலோ என்னவோ, யாரும் முதுகைத் திருப்பவில்லை. நின்ற இடத்திலேயே தின்றோம். புளியும் பூண்டும் சேர்ந்து அன்று அமைந்த மாதிரி என்றைக்கும் அமைந்ததில்லை. ஜானகியம்மாள் மட்டும் இறங்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

சின்னுசாமி பஸ்ஸின் பின்பக்கம் நின்று கைப்பிடியைச் சுற்றினார். நனைந்த கரி லேசில் பிடிக்கவில்லை. புகை வருகிறது, நெருப்பு வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினார். விபூதி வேர்வையில் கரைந்து மூக்கு வழியாக இறங்கிற்று. நான் போய், கொஞ்ச நேரம் நான் சுற்றுகிறேன் என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை அசைத்தார். மாட்டுத் தரகர் கேட்டுப் பார்த்தார். அவருக்கும் அதே பதில். கடை வாசனை வளைத்து வளைத்து அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

சென்றாயன் யாரும் கேட்காமலே ஒரு சட்டி பிசைந்தார். தோபுவைத் தாராளமாகக் கிள்ளிப் போட்டார். இலையில் வைத்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நான் கிட்டத்தான் நின்றிருந்தேன்.

"சித்தெ நிறுத்தீட்டு ரண்டு வாய் தின்னுங்க டிரைவருங்க."

"நிறுத்துனா அணஞ்சு போயிருமப்பா. மொதல்லருந்து மூட்டோணும்."

"அப்ப ஆராச்சும் சுத்தட்டுமுங்க."

"கண்டவன் கையில குடுக்கற வேலையா இது? வேகம் கூடுனாலும் கெட்டுப் போகும், கொறஞ்சாலும் கெட்டுப் போகும். கைக்குத்தான் தெரியும் அது."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சென்றாயன் சிரிக்கவில்லை. "மெய்தானுங்க" என்றார், அவ்வளவு மரியாதையாக. சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. இலையை இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கையால் ஒரு வாய் அளவுக்கு அள்ளி, மேலே ஒரு தோபுத் துண்டை வைத்து, டிரைவரின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.

சின்னுசாமி அந்தக் கையைப் பார்த்தார். காலையிலிருந்து ஒன்றும் இறங்காத வயிறு. ஊர் முழுக்கத் தெரிந்த ஆசாரம். கண் மெதுவாக ஜன்னல் பக்கம் ஏறிற்று. அங்கே ஜானகியம்மாள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணும் கண்ணும் சந்தித்ததும், புதுச்சத்திரத்திலிருந்து தெரியவே தெரியாத நாமக்கல் மலையைத் தேடுகிறவர் போல அம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சின்னுசாமி வாயைத் திறந்தார். சென்றாயன் ஊட்டினார். ஒரு நூல் சந்தவை மீசையில் தொங்கிற்று. சென்றாயன் அதையும் விரலால் உள்ளே தள்ளிவிட்டார். டிரைவர் எங்கள் யாரையும் பார்க்காமல், நேரே அடுப்பைப் பார்த்துக்கொண்டு மென்றார். கரி மெல்லச் சிவக்க ஆரம்பித்தது. முழுங்கி முடித்ததும், சுற்றுகிற கையை நிறுத்தாமலே, தலையை மட்டும் சென்றாயன் பக்கம் திருப்பி மறுபடியும் வாயைத் திறந்தார்.